ஐஸ் பெட்டியில் டூமியின் ரத்தம்

…அதெப்படி தங்கச்சி? நல்லா எழுந்து நிக்கிற பன்னிக்குச் சாவு நோயின்னு ஒரு காகிதம் சொல்லிருமா? கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, இந்த ஐஸ் பெட்டி ஆடக்கூடாது. மீன் இல்ல, ரத்தம். ஐயோ, மூஞ்சியச் சுளிக்காத! எங்க டூமியோட ரத்தம். டூமி எங்க வீட்டுச் சினைப் பன்னி. கருப்பு. கட்டில் மாதிரி முதுகு. நானே காதுல கீறி எடுத்தேன். இந்தா பாரு கையில கட்டு, கடிச்சுட்டா. அய்ஸால் டவுனுக்குப் போயி அந்தச் சோதனைக்காரங்க மூஞ்சிக்கு நேரா வெச்சு, "மறுபடி பாருங்க"ன்னு சண்ட போடப்போறேன்.

நாளைக்குக் காலையில டூமியக் கொல்ல அரசாங்க ஆளுங்க வர்றாங்களாம். ஊசி, குழி தோண்டுற மிஷின், எல்லாத்தோடயும். டூமி மட்டும்னா பரவால்ல… பரவால்ல இல்ல, ஆனா சொல்றேன்… எங்க வீட்டச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு எத்தன பன்னி இருக்கோ அத்தனையும் போச்சு. பக்கத்து வீட்டு ரெமி அம்மா ஏழு குட்டி வெச்சிருக்கா. நேத்து வேலியில நின்னு கத்துறா, "ஏ கிமி, உம் பன்னிக்கு நீ அழு. எங்குட்டிங்க என்னடி பண்ணுச்சு?"ன்னு. உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். பெரிய வாய்க்காரின்னு ஊருக்கே பேரு எனக்கு!

உண்மையச் சொல்லட்டா? நீ யாரோ, நான் யாரோ. இந்தச் சூமோ வண்டிய விட்டு இறங்குனா முடிஞ்சுது.

போன வெள்ளிக்கிழம டூமி படுத்துட்டா. தீனி தொடல. மூச்சு இழுக்குது. மறுநாள் மாட்டு டாக்டர் ரோசங்புயா வந்து, சின்னக் குழாயில ரத்தம் எடுத்து நம்பர் எழுதுனாரு. குழாய வெச்ச பெட்டிய என் சமையலறை மேசையில வெச்சுட்டு, டீ குடிக்க ரெமி அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. எங்க வீட்டு டீ ஆகாதாம்! நான் தனியா நிக்கிறேன். பெட்டி என்னப் பாக்குது. நான் பெட்டியப் பாக்குறேன்.

அன்னிக்குச் சனிக்கிழம இல்லையா, விடியக்காலையில ரோட்டோரத்துல கறி வாங்கியிருந்தேன். குடல்ல அடைச்சு வேக வைக்க ஒரு பை ரத்தமும் வாங்குனேன். அது பக்கத்துலயே இருக்கு… ஆமாமா, நீ நெனைக்கிறதுதான். டூமி ரத்தத்தக் கொட்டிட்டு, பையில இருந்தத ஊத்தி மூடிட்டேன். கறிக்கட ரத்தத்துல என்ன நோய் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். மூணாங்கிளாஸோட நின்னவ மூள அவ்வளவுதான் போகும்!

அதுக்கப்புறம் கேளு கூத்த. ஞாயித்துக்கிழம சர்ச்சு விட்டு வந்து பாத்தா, கொட்டிலுக்குப் பின்னால காலிக் கூட. வாழயிலையில சுத்திப் புளிக்க வெச்சிருந்தேனே பெகாங், ஒரு கூட சோயா, மொத்தத்தையும் டூமி படுக்குறதுக்கு முன்னாடியே தின்னிருக்கா! படலுக்குக் கொக்கி போடாதவ யாரு? நாந்தான். வெறும் வயித்துவலி தங்கச்சி! சாயங்காலமே எழுந்து தொட்டிய நக்குறா. நான் சிரிச்சேன் பாரு, ஒரு சிரிப்பு…

நேத்துக் காகிதம் வந்துச்சு. ஆப்பிரிக்கப் பன்னிக்காய்ச்சல் உறுதின்னு.

எவனோ நோய்ப் பன்னிய அவசரமா அறுத்து வித்திருக்கான். அதனாலதான் அன்னிக்கு அவன் கடையில அவ்வளவு சிரிச்ச முகம். ஒரு கை கூடவே போட்டான் பாவி. நான் வேற "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்"னு சொல்லிட்டு வந்தேன்!

அதான் சொல்றேன், நோய் கறிக்கடப் பன்னிக்கு, டூமிக்கு இல்ல. குழாய மாத்துனது நாந்தான்னு ஒத்துக்கிட்டு, திட்டுறத வாங்கிக்கிட்டு, இந்தப் புது ரத்தத்தக் குடுத்தா நாளைக்கு யாரும் வரமாட்டாங்க. ரெமி அம்மா குட்டிங்களும் பொழைச்சுக்கும். ஊரு சிரிக்கட்டும், சிரிச்சா பல்லு தேயுமா?

என்ன கேட்ட? அந்தக் கறியவா? தின்னோம். நல்லா வெந்துச்சு. மனுசருக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு.

கழுவுன தண்ணியா?

கறி கழுவுன தண்ணி… எல்லாரும் ஊத்துற எடத்துலதான். பன்னி வாளியில. உங்க வீட்டுல மட்டும் வேற எங்க ஊத்துவீங்க? கொதிக்க வெச்சுக் குடுக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு… அன்னிக்கு வெறகு ஈரம்…

ஞாயிறு தின்னா. திங்கள் தின்னா. நேத்தும் தின்னா. இன்னிக்குக் காலையில… தொட்டியில மூக்க வெச்சா. எடுத்துட்டா. காதக் கீறுனேன்ல, அந்தக் கோவம்னு நெனச்சேன். ஆனா… கீறுனது அதுக்கப்புறம்தான்.

ஏன் தங்கச்சி கூடையத் தூக்கி மடியில வெச்சுக்கிற? உங்க வீட்டுலயும் பன்னி இருக்கா? எத்தன?

சரி சரி, இங்கயே இறங்கிக்கோ. டிரைவர் தம்பி, கொஞ்சம் நிறுத்து… ஒரு நிமிசம் தங்கச்சி! வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி செருப்ப நல்லாக் கழுவிரு. என் காலு அதுமேலதான் இருந்துச்சு.