தாலி கட்டும்போது நின்றுபோன படம்

அம்பாசமுத்திரம் பேருந்து பத்தமடையில் நின்று இன்ஜின் சத்தம் ஓய்ந்தபோதுதான், முன் இருக்கைப் பேச்சு காதில் விழுந்தது.

“தங்கச்சி கல்யாணத்துல உங்க தம்பி பாத்தது வெறும் முந்தானை மட்டும்தான், அண்ணாச்சி!” சொன்ன இளைஞன் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது.

பக்கத்தில் இருந்த பட்டு வேட்டிக்காரர் சீறினார். “அமெரிக்காவுக்கு நேரடியா படம் அனுப்புதேன்னு சொன்னது நீதானலே?”

“சின்னப் படமா அனுப்புனாத்தான் இந்த போன் லைன் தாங்கும்னு முந்தின நாளே சரிபண்ணி வச்சேம்லா? காலைல வந்து அதைப் பெருசாக்கச் சொன்னது யாரு?”

“காஞ்சிபுரம் பட்டுலே! அதைத் தீப்பெட்டி அளவுலயா காட்டச் சொல்லுத?”

“பட்டு நல்லாத் தெரிஞ்சுது. தாலி கட்டுததுதான் தெரியல. முந்தானையோட படம் அங்கனயே நின்னுட்டு.”

“நின்னா, உடனே மண்டபத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான அவன்?”

இளைஞன் குரலுக்குப் பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“எந்த போனுக்கு? மண்டபத்துல இருந்த ஒத்த லைன்லதான உங்க பட்டு போய்க்கிட்டு இருந்துச்சு! கெட்டிமேளத்தையாவது காதால கேப்போம்னு மனுசன் திரும்பத் திரும்ப அடிச்சிருக்காரு. எங்கேஜ்டு, அண்ணாச்சி! எங்கேஜ்டு!”