இருவர் உட்கார்ந்திருக்கும் படம்

படம் எடுக்கப் பழகுகிறவன் முதலில் செய்யும் தப்பு, முகத்தைக் கொண்டுபோய் நடுவில் வைப்பது. நானும் வைத்தேன். "நட்ட நடுவுல ஒக்கார வெச்சிருக்கியே, இது என்ன பாஸ்போர்ட்டா?" என்று அபெகே அக்கா எல்லோர் முன்னாலும் சிரித்தார். எங்கள் ஊரான இலேஷாவின் கடைத்தெருவில் இருக்கும் ஸ்டூடியோ அவருடையது. அங்கே இரண்டு வருடம் பழகினேன். ஜன்னல் வெளிச்சத்தைக் கன்னத்தில் விழவைக்கவும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கவும், ஓரத்தில் வெற்றிடம் விடவும் கற்றுக்கொண்டேன். ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சோம்பேறி இல்லை.

கடினமான பாடம் இரட்டையர் படம்தான். எங்கள் ஊரில் இரட்டையரில் ஒருவர் இறந்துவிட்டால், இருப்பவரை இரண்டு முறை உட்கார வைத்து எடுப்போம். இடப்பக்கம் அவராகவே, வலப்பக்கம் போய்விட்டவராக. அச்சிடும்போது தாளில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒன்று, மறுபாதியை மறைத்து இன்னொன்று. நடுவில் கோடு தெரிந்தால் வேலை கெட்டது.

நானும் இரட்டைப் பிள்ளைதான். என் பெயர் கெஹிந்தே, கூடப் பிறந்தவன் தைவோ. அக்கா சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தானாகச் சொடுக்கும் விசையை முடுக்கிவிட்டு என்னையே இரண்டு முறை எடுத்துப் பழகினேன். தைவோவாக உட்காரும்போது அவனைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரித்தேன். கோடே தெரியவில்லை. நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். ஆனால் யாரிடம் காட்டுவது? உயிரோடு இருப்பவனைச் செத்தவனாக்கினேன் என்று அம்மா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாள். பெட்டிக்கடியில் ஒளித்து வைத்தேன்.

அத்தோடு போயிருக்கும். தைவோதான் விடவில்லை. லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவன், ஒரு நாள் விளையாட்டாக என் கேமராவைப் பிடுங்கி, அம்மா எண்ணெய்ச் சட்டியில் அகரா வடை போட்டுக்கொண்டே சிரிப்பதை எடுத்தான். அம்மா நட்ட நடுவில், பாதி முகம் புகையில். அபெகே அக்கா அதைப் பெரிதாக அச்சிட்டு ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிக்குள் மாட்டினார். என் படம் ஒன்றுகூட அங்கே ஏறியதில்லை.

"நடுவுல வெக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுல உசுரு இருக்குடா. உன்னோடதுல அளவுதான் இருக்கு."

அம்மா போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினாள். "என் தைவோ எடுத்தது. கெஹிந்தே ரெண்டு வருஷமா மல்லுக்கட்டறான், இவன் ஒரே அமுக்குல அள்ளிட்டான் பாருங்க."

தைவோ என் தோளில் கை போட்டு, "விடுடா, ஏதோ குருட்டாம்போக்குல வந்துருச்சு" என்றான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து பெட்டிக்கடியில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. தைவோ உயிரோடு இருந்ததுதான் குறை.

அவனைப் பழைய கல்குவாரிக்குக் கூட்டிப்போனேன். மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. படம் எடுக்கிறேன், விளிம்பில் நில் என்றேன். நின்று சிரித்தான். தள்ளினேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், கொஞ்ச நேரம். கேமராவில் ஃபிலிம் சுருள் போட்டிருக்கவில்லை, வீணாக்க மனமில்லை.

கால் தவறி விழுந்துவிட்டான் என்றேன், நம்பினார்கள். அடக்கம் முடிந்ததும், இரட்டையர் படத்தை நானே எடுத்துத் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, ஒளித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். ஊரே அழுதது. அக்கா அகரா படத்தை இறக்கிவிட்டு இதில் இன்னொரு பிரதியை மாட்டினார். கண்ணாடிக்குள் என் படம்.

சில நாள் கழித்து அக்கா அதையே உற்றுப் பார்த்தார். "இதுல ஏரோப்ளேன் எங்கடா?" என்று கேட்டார். வாடிக்கையாளர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று ஸ்டூடியோத் திரையில் விமானம் வரைய வைத்திருந்தார். தைவோ இருந்தபோதே வரைந்தது. என் படத்தில் அதற்கும் முந்தைய வெறும் திரை. அவன் சாகுமுன்னே எடுத்த படம் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது, நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பின்னால் இருப்பதைப் பார்க்காமல் விட்டது கற்றுக்குட்டித் தப்பு. அதற்காக எனக்கே என்மேல் கோபம்.

ஆம் ஐயா, நான்தான் கொன்றேன். அம்மா என்னைப் பார்க்க வரவில்லை. படத்தை நடுவில் கிழித்து, என் பாதியை அடுப்பில் போட்டுவிட்டாளாம். தைவோவின் பாதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தினமும் அதன் முன்னால் பயறு அவித்து வைத்துப் பேசுகிறாளாம். பேசட்டும். அதில் இருப்பதும் நான்தான். அம்மா என்னைக் கைவிடவில்லை.