பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ. ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண். அவள் மாமியார். அவள் புருஷன். ஓரத்தில் நான். அவர்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்து வருகிறார்கள்.

“வேண்டிக்கிட்டது நீங்க, நடக்கறது நானா அத்த?” என்றாள் அந்தப் பெண். அதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

“வயித்துல தங்கினா மருமக பௌர்ணமிக்கு கிரிவலம் சுத்துவான்னு சொல்லிட்டேனே. சாமிகிட்ட சொன்ன வார்த்தைய எப்படிம்மா மாத்தறது?”

“பதினாலு கிலோமீட்டர் ஒரே நாள்ல வேணாம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. தினம் அரை மணி நேரம் நடந்தா போதுமாம். பேசிக்கிட்டே நடக்கற வேகம்தான் இருக்கணுமாம். மூச்சு வாங்கினா உக்காந்துடணுமாம்.”

“அப்ப அம்மாவக் கூட்டிக்கினு போ. பேச்சு நிக்கவே நிக்காது,” என்றான் புருஷன்.

“போன பௌர்ணமிக்குப் பாதி வழியில ஆட்டோ ஏறினவன் நீ. பேசாத,” என்றாள் மாமியார்.

அவன் ரோட்டைப் பார்த்தான்.

மருமகள் தன் வயிற்றில் கை வைத்தபடி மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மலை எங்கியும் போயிடாது,” என்றாள் மாமியார். “ஒரு நாளைக்கு ஒரு லிங்கம் வரைக்கும் நடப்போம். மறுநாள் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்போம். நானும் வரேன்.”

“மலையச் சுத்தி எட்டு லிங்கம். அப்ப எட்டு நாளா அத்த?”

மாமியார் விரல் விட்டு எண்ணினாள்.

“கடைசி லிங்கத்துல இருந்து கோயிலுக்குத் திரும்பணும் இல்ல. ஒன்பது.”