மருந்து என்வலப்

ஓம் டொக்டர், பதினோராம் கட்டில் பாயிஸ்ட பொஞ்சாதி நான்தான். நேத்து இவரக் கொண்டு வந்தவுடன, பிரஷர்க் குளிசையெல்லாம் ஒழுங்காப் போட்டவரா எண்டு கேட்டீங்களே, ஓம் எண்டு சொன்னதும் நான்தான். அதுக்குத்தான் இப்ப வந்து நிக்கிறன். கதிரை வேணா. இருந்தனெண்டா பொறகு எழும்ப மாட்டன்.

அஞ்சு நிமிசமா? இந்த வாட்டுல அஞ்சு நிமிசம் எண்டு சொல்லிட்டுப் போற ஆக்கள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகுதான் திரும்பி வாறாங்க. கோவிக்காதீங்க மகள், என்ட வாய் அப்பிடித்தான். உம்மா மண்டாடியும் திருந்தல்ல.

நீங்க எந்த ஊர்? காரைதீவா? அப்ப நான் சொல்றது விளங்கும். பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டாம மாப்புள கேட்டுப் போகேலா, உங்கடயிலயும் அப்பிடித்தானே? எங்களுக்கு ஒரே மகள், பஸ்னா. இருவத்தாறு முடிஞ்சிட்டு. ஊடு இன்னும் லிண்டல் மட்டத்துல நிக்கிது.

இவருக்குப் பசார்ல சாரன் துணி விக்கிற சின்னக் கடை. யாவாரச் சல்லிய அப்பிடியே என்ட கையில தந்திருவார். நான் கன்னியர் மடத்துல படிச்சவள். மனையியல் படிப்பிச்ச சிஸ்டர் ஒரு வழி சொல்லித் தந்தா. வருமானத்தப் பிரிச்சு ஒவ்வொரு செலவுக்கும் ஒரு என்வலப், ஒண்டுக்குரியத மத்ததுக்கு எடுக்கப்படா. முப்பது வருசமா அந்தச் சட்டம்தான். அரிசி, மீன், கரண்ட், மகள்ட ஊடு, மருந்து. கடன் எண்டு ஒருத்தனும் எங்கட கேற்றத் தட்டினதில்ல, ஓம்.

மருந்துக்கு ரெண்டாயிரம். அது ரெண்டாயிரத்திப் பத்தொம்பதுல போட்ட கணக்கு. அப்ப கிளினிக்குல பிரஷர்க் குளிசை சும்மாதானே. இரத்தம் உறையாம இரிக்கிற குளிசை மட்டும் வெளியில வாங்கினது. அத வாங்கி, மிச்சத்துல எனக்கு முழங்காலுக்குத் தைலமும் கொண்டு வருவார்.

பொறகு அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் வந்திச்சே. கேஸுக்கு லைன், பெற்றோலுக்கு லைன். கிளினிக்குல துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கச் சொல்லிட்டாங்க. உங்களச் சொல்லல்ல, நீங்க அப்ப கொப்பியும் கையுமா இரிந்திருப்பீங்க. அரிசி ஏற அரிசிக்குக் கூட்டின. மீனுக்குக் கூட்டின. சீமெந்து ஆயிரத்துல இருந்து மூவாயிரத்துக்கு ஏறின கிழமை, ஊட்டு என்வலப்ப ஒரே நாளில மூணு மடங்காக்கின. அதெல்லாம் நானே போய் விலை பேசி வாங்குற சாமான். சீமெந்து விலைய நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.

மருந்துக்குப் போறது அவர். அதே ரெண்டாயிரத்தக் குடுத்தா சட்டைப் பையில வெச்சிட்டுப் போவார். விடிய எழும்பினா குளிசை போட்டீங்களா எண்டு கேப்பன். ஓம் எண்டுவார். வேற என்ன, வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கவா?

விசயத்துக்குத்தான் வாறன் டொக்டர். அவசரப்படுத்தினா எனக்கு முழுசும் மறந்திரும்.

இண்டைக்குக் காலையில நீங்க எழுதின மருந்த எடுக்க நிப்றாஸ்ட பாமசிக்குப் போன. இவர் எப்பவும் வாங்குற இடம். இவர்ட பழைய குளிசைக்கு மட்டும் மாசத்துக்கு என்ன வரும் மகன் எண்டு கேட்ட. எண்ணாயிரத்தி நானூறு எண்டான். நான் அவன்ட கடையிலயே சத்தம் போட்ட. எங்கட இவர் ரெண்டாயிரத்துக்கு வாங்குறாரே, பொம்புள வந்தா ஒரு விலையா எண்டு கேட்ட. அவன் கோவிக்கல்ல. மாமி, மாமா மாசக் கணக்குக்கு வாங்குறயில்ல, சல்லிய வெச்சிட்டு இந்தச் சல்லிக்கு வாறதத் தா எண்டு சொல்லுவார், நான் கத்திரியால நறுக்கிக் குடுப்பன் எண்டான். முந்தி முப்பது நாளைக்கு வந்திச்சாம். பொறகு பதினாறு. இப்ப ஏழு.

ஏழு நாள், டொக்டர். மாசத்துல.

எந்த நாள் போட்டார், எந்த நாள் விட்டார் எண்டு கேட்டா எனக்குத் தெரியா. ஒரே ஊட்டுல இரிந்தும் தெரியா. இப்ப அவருக்கிட்டக் கேக்கவும் ஏலா. வாயத் தொறந்தா காத்துத்தான் வருது. வலக்கையப் புடிச்சா ஈரச் சீலை மாதிரிக் கிடக்கு.

அதனால நேத்து நான் சொன்னத வெட்டுங்க. ஒழுங்காப் போட்டும் பிரஷர் குறையல்ல எண்டு நினைச்சு நீங்க அளவக் கூட்டி வெச்சிரிக்கிறதா நேர்ஸ் சொன்னா. அது இவருக்குக் கூடிப் போயிராதா? மாத்துறீங்களா? அல்ஹம்துலில்லாஹ். ஏசுறதெண்டா ஏசுங்க, வாங்கிக்குவன்.

என்ன? சல்லி காணாது எண்டு இவர் ஊட்டுல சொல்லியிருக்கலாமே எண்டா?

இவர் சொன்னவர்தான் டொக்டர். ஒரேயொரு தரம். சோறு தின்னக்குள்ள, தலைய நிமித்தாம, மருந்துக்குக் கொஞ்சம் கூட்டிப் போடேலுமா எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் கம்பி விலை ஏறின எண்டு எனக்கு விசரா இரிந்த. என்ன, பவுண் குளிசையா முழுங்குறீங்க, புள்ளைக்கு ஊடு முக்கியமா உங்கட வயித்துக்குள்ள போறது முக்கியமா எண்டு கேட்டுட்டன். சிரிச்சார். ஊடு எண்டார். மீன் துண்டொண்ட எடுத்து என்ட பீங்கான்ல வெச்சார். அதுக்குப் பொறகு கேக்கல்ல.

இல்ல, நான் அழல்ல. நீங்க எழுதுங்க.

என்ன எழுதுறீங்க? நோயாளி மருந்த விட்டவர் எண்டா? அப்பிடி எழுதாதீங்க மகள். அவர் ஒண்டையும் விடல்ல, கிடைச்சதெல்லாம் போட்டவர். மாசத்துக்கு ஏழு நாளைக்குத்தான் பொஞ்சாதி குடுத்தவ எண்டு எழுதுங்க.