தேய்த்த தகடு

எஞ்சின் வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட் லேசாகச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. என் பட்டறையில் வண்டி விட வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் கேட்பதில்லை. அவர்களுக்கு எஞ்சின் பூனை மாதிரி இருக்க வேண்டும். உண்மையில் சத்தமில்லாத எஞ்சினைத்தான் சந்தேகப்பட வேண்டும் சார். வால்வின் தலைமாட்டில் மயிரிழை இடைவெளி வேண்டும். சூடேறினால் இரும்பு நீளும். நீள இடம் இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது, வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆறினால் ஒரே உதையில் கிளம்பும். அப்புறம் எவனிடம் காட்டினாலும், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பான்.

உங்கள் மேசை மேல் கவரில் கிடக்கிற தகட்டுக் கட்டு, அந்த இடைவெளியை அளக்கிற சாமான். ஃபீலர் கேஜ் என்போம். என் மனைவியுடையது. அவள் அக்காதான் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். அந்த அம்மாளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

என் மனைவிக்கு வண்டி கொடுத்ததே நான்தான். உடைசலாக வந்த ஒன்றின் எஞ்சினை இறக்கி, கழுவி, ஏற்றிக் கொடுத்தேன். தையல் ஆலைக்கு அதில்தான் போவாள். பட்டறையில் உட்கார்ந்தபடியே அது எந்தத் தெரு திரும்புகிறது என்று காதால் சொல்லிவிடுவேன். சத்தம் தேய்ந்து போகிற இடம் ஒன்று உண்டு. அதற்கப்புறம் அவள் திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடாது.

மலைக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா இருக்கிறாள். அங்கே வேலை இருக்கிறது என்று கூப்பிட்டாள். "கொஞ்ச நாள் அக்கா கூட இருந்துட்டு வரேங்க" என்றாள் என் மனைவி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கல் சுமந்து வளர்ந்தவன் சார். சரிந்த பாறைக்கு அடியில் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் நடுங்காத கை அன்றைக்கு நடுங்கியது, ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அவளை நான் அடித்ததே கிடையாது. ஒரு தடவை கதவைச் சாத்தும்போது அவள் விரல் நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் டேப்பட்டை இறுக்கி வைத்தேன். ஆலைக்குப் போய் வர ஒன்றும் ஆகாது. மலை ஏறினால், கல் லாரிகள் இறங்குகிற வளைவுக்கு வரும்போது எஞ்சின் சூடேறி நின்றுவிடும். நின்றது. போன் செய்தாள். நான் போய்க் கூட்டி வந்தேன். மறுபடி போனாள், மறுபடி நின்றது. நான் போகும்போதெல்லாம் வளைவில் ஓரமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். லாரி ஒன்று உரசினாற்போல் இறங்கும். நான் ஒரு உதை உதைப்பேன், வண்டி கிளம்பும். "என் கைக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?" என்பாள். வீடு வரும்வரை என் சட்டையைப் பிடித்த கையை எடுக்க மாட்டாள். நாங்கள் அந்நியோன்யமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

பட்டறையில் கிண்டல் செய்தார்கள். "ஊரு வண்டியெல்லாம் பறக்குது, உன் பொண்டாட்டி வண்டிக்கு மட்டும் இழுப்பா அண்ணே?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒருநாள் அவள் இந்தக் கேஜையும் டேப்பட் திருகுகிற சின்னச் சாவி ஒன்றையும் வாங்கி வந்தாள். மலை ஏறினால் வண்டி ஏன் நிற்கிறது என்று போனில் வீடியோ பார்த்துப் படித்திருக்கிறாள். "ஆறின எஞ்சின்லதான் பாக்கணுமாம். பிஸ்டன் மேல ஏறி நிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"வீடியோல ஒரு பொண்ணு. உங்கள மாதிரி எரிஞ்சு விழாம சொல்லுது."

அவள் குளிக்கப் போனபோது தகட்டுக் கட்டிலிருந்து அவளுக்குத் தேவையான ஒன்றை மட்டும் கழற்றினேன். எண் பொறித்த பக்கத்தைத் தொடவில்லை. பின்பக்கத்தைக் கண்ணாடி மேல் விரித்த எமரித் தாளில் மெதுவாகத் தேய்த்தேன். பொறுமையான வேலை. அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும். மெலிந்த தகட்டை வைத்து அளந்தால் எண் சரியாக இருக்கும், இடைவெளி மட்டும் குறைந்து நிற்கும்.

வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, போனைச் சுவரில் சாய்த்து, எஞ்சின் தலைமூடியைக் கழற்றினாள். சொன்னது சொன்னபடி செய்தாள். என்னிடம் வேலை பழகியவர்களில்கூட அவ்வளவு சுத்தமான கை இல்லை. "இந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் பிடிங்களேன், நட்டு முறுக்கும்போது கூடவே சுத்துது." பிடித்தேன். ஒரு மயிரிழைகூட நகர விடவில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன். தகட்டை விட்டுப் பார்த்தாள், லேசான பிடிப்போடு போய் வந்தது. ஸ்டார்ட் செய்துவிட்டுக் காதைச் சாய்த்தாள்.

"சத்தமே இல்ல, பாத்தீங்களா!"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளே குளிரெடுத்தது. உள்ளே போனவள் துணிப்பையோடு வந்து அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "வளைவுலயே நின்னுருச்சுங்க. வண்டிய நகத்த முடியல. லாரி வந்துக்கிட்டே இருக்கு, பயமா இருக்கு, சீக்கிரம் வாங்க." வருகிறேன் என்றேன். பட்டறையில் டீ அப்போதுதான் கொண்டு வைத்திருந்தார்கள். குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். இன்னும் கொஞ்சம் பயந்தால் இனிமேல் போகிறேன் என்று கேட்க மாட்டாள் என நினைத்தேன். எனக்கு லாரி ஞாபகமே வரவில்லை சார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற லாரி டிரைவர் நல்ல மனிதர். கல் பாரத்தோடு இறக்கத்தில் யார் வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். இடைவெளியை இறுக்கியது நான். தகட்டைத் தேய்த்தது நான். அவள் கூப்பிட்டும் போகாமல் இருந்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான்தான் தப்பா வச்சுட்டேனா?" என்பது. "விடு, பழகாத வேலைதானே" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே இனிமேல் ஒன்றும் இல்லை என்று டாக்டர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்வேன். கட்டிலை வாசல் பக்கம் போட்டுவிட்டால் பட்டறையிலிருந்தே தெரியும். கையில் இப்போது நடுக்கம் இல்லை, பாருங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சீக்கிரம் விட்டால் நல்லது சார். நான் பக்கத்தில் இல்லையென்றால் அவள் பயந்துவிடுவாள்.