அட்டைப் பூனையின் வால்

"வாலைத் தூக்கி வெட்டினாலும் பூனை வருது, தொங்கவிட்டு வெட்டினாலும் வருது. நான் ஃபெயில்தான்டி."

நிந்தவூரைத் தாண்டி, வயல்காற்றும் கடல்காற்றும் யன்னலுக்கு யன்னல் மாறி நுழைந்த கல்முனை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கம்பஸ் பிள்ளைகள். சொன்னவளின் மடியில், அட்டையில் வெட்டிக் கறுப்படித்த இரண்டு பூனைகள்.

"தூக்கின வால் எண்டா சிநேகம். தொங்கினா கிட்ட வராத எண்டு அர்த்தம். நிசப் பூனைக்கு அது விளங்குதா எண்டு பாக்கிறதுதான் என்ட ஆய்வு. நாளையிண்டைக்குக் குடுக்கோணும்."

"வந்து என்ன செய்யுது?"

"ரெண்டையும் நக்குது."

"நக்குதா? அட்டை ஏதுடி?"

"வாப்பாட கடைப் பெட்டிதான்."

"அல்லாஹ்வே! கருவாட்டுப் பெட்டியா?"

காரைதீவுச் சந்தியில் அவள் மடியிலிருந்த பூனைகளை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"உம்மா, பெருநாளைக்கு நீங்க வாங்கின செருப்புப் பெட்டியை எறிஞ்சிராதீங்க. ஆய்வுக்கு வேணும்."

தோழி முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"உம்மாட செருப்படி வாங்காத பூனை உங்கட தெருவில இருக்கா புள்ள? இனி வாலை எப்பிடித் தூக்கினாலும் ஒண்டும் வராது."