பாதை நின்ற இடம்

மாலை நான்கு பத்துக்குக் காற்று கிளம்பி, மண்டூர்க் கோயிலிலிருந்து என் மகள் திரும்பி வந்த மிதவைப் படகை, நீரில் அடர்ந்து மிதந்த ஆற்றுவாழைச் செடிகளுக்குள் தள்ளியது. அந்தப் படகை நாங்கள் பாதை என்போம். நடு வாவியில் அது அசையாமல் நின்றது. நான் குருமண்வெளித் துறையில் நின்றேன். அவளுடைய கைப்பேசிக்கு அழைப்புப் போகவில்லை.

பக்கத்தில் ஓர் ஊர்ப் பெண், கொழும்பிலிருந்து வந்த தன் மச்சாளுக்கு மறுநாள் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“காலையில மாமாங்கக் கோயில், பிறகு டவுன்ல பழைய சேர்ச். பின்னேரம் பாதையில ஏறி மண்டூர். அங்க பூசை செய்யிறவர் வாயைத் துணியால கட்டியிருப்பார்.”

“அப்ப மந்திரம்?”

“இல்ல. அவ்வளவு சனமும் மூச்சுக் காட்டாம நிக்கும். பார்த்தா உடம்பு சிலிர்க்கும். உங்களுக்கும் ஒரு துணி கட்டினா நல்லம், மச்சாள்.”

“கட்டுங்க. ஆனா அந்தப் பாதையில ஏறமாட்டன். நிக்கிறதைப் பாருங்க.”

“கரையோரக் கண்டல் காட்டை வேற எங்கயிருந்து பார்க்கிற?”

மச்சாள் படகு நின்ற பக்கம் திரும்பினாள். நானும் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுமுன் காற்று அடங்கி, பாதை கரைக்கு வந்தது. மகள் இறங்கி வந்து, என் கையைப் பிடித்தாள்.

“அப்பா, நடுவுல நிக்கக்குள்ள தண்ணி எது, வானம் எது எண்டு தெரியல்ல. பயப்பிடவே மறந்துபோச்சு.”